காணாமல் போன இரைப்பை

கெளுத்தியக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் வளர்த்தது கெளுத்தி மீன் மட்டும்தான். காலையும் மாலையும் வயிறு முட்டத் தீவனம் போட்டால் போதும். மற்ற நேரம் அவை பாட்டுக்கு அடியில் கிடக்கும். இந்த வருஷம்தான் ஆசைப்பட்டு இன்னொரு குளத்தில் கெண்டை விட்டாள். அதே கை, அதே அளவு, அதே இரண்டு வேளை.

போகப்போகக் கரையோரம் நூல் நூலாக எச்சம் மிதந்தது. தண்ணீர் நாறியது. ஒருநாள் விடியலில் கெண்டைகள் வாயைப் பிளந்தபடி மேலே வந்து நின்றன; சில செத்து மிதந்தன. ஒன்றை அறுத்துப் பார்த்தாள். தொண்டையிலிருந்து நேரே குடல்தான். நடுவில் இரைப்பை இருந்த சுவடே இல்லை. குடல் முழுக்கச் செரிக்காத தீவனம்.

"ஏதோ சீக்கு இரைப்பையையே தின்னுடுச்சுங்க!"

கணவன் முகம் சுண்டிப்போனது. "அப்ப கெளுத்திக்கும் தொத்திக்குமே. மொத்தக் கெண்டையையும் வாரிப் புதைச்சுட வேண்டியதுதான்." வலையை எடுக்கப் போனான்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. செத்த மீனோடு, சந்தையில் மீன் வெட்டும் நாத்தனாரிடம் ஓடினாள்.

"இதுக்கு இரைப்பையைக் காணோம்டி!"

"இருந்தாத்தானே அண்ணி காணாமப் போறதுக்கு?"

"விளையாடாதே. அங்க உங்கண்ணன் வலையோட நிக்கிறாரு."

நாத்தனார் தொட்டியில் துள்ளிய கெண்டை ஒன்றை எடுத்து அறுத்துக் காட்டினாள். அதற்கும் வெறும் குடல்தான், நீளமாகச் சுருண்டு கிடந்தது.

"கெண்டைன்னாலே இப்படித்தான். உங்க கெளுத்திக்குப் பை இருக்கு, அள்ளி அடைச்சு வச்சுக்கும். இது பாவம், எங்க வச்சுக்கும்? நீங்க கெண்டையை அறுத்ததே இல்லையா?"

"எங்கடி அறுத்தேன்? நீதான் எப்பவும் சுத்தம் பண்ணிக் கொடுத்தனுப்புவியே!"

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. சீக்குமில்லை, ஒன்றுமில்லை. ஒரே மூச்சில் போட்ட தீவனம் செரிக்காமல் வெளியேறி, தண்ணீரில் அழுகி, மீன்களுக்கு மூச்சுமுட்டியிருக்கிறது. காலி கூடை ஒன்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, போனில் கத்தினாள்: "வலையைக் கீழ போடுங்க! புதுத் தண்ணி விடுங்க!"

மீன்கள் தேறிவிட்டன. இப்போது அவள் பொழுதுக்கும் குளத்தைச் சுற்றிவந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுகிறாள்.

"நம்ம புள்ளைக்குக்கூட நீ இத்தனை வேளை ஊட்டலையே," என்கிறான் கணவன்.

"அவனுக்கு இரைப்பை இருந்துச்சே!"