பச்சை வாசனை

எங்கள் சமையலறை மேல்தட்டில் ஓர் ஈயச்சொம்பு கவிழ்ந்து கிடக்கிறது. ரசம் வைத்த சொம்பு. ஒரு பக்கம் உருகி, வாய் கோணி, இனி எதற்கும் லாயக்கில்லை. தூக்கிப் போடலாம் என்று நாலைந்து முறை எடுத்தாயிற்று. எடுத்த கையோடு திரும்ப வைத்தும் ஆயிற்று.

அண்ணா போன பிறகு இந்த மயிலாப்பூர் ஃபிளாட்டில் மன்னியும் நானும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை. காலையில் போனால் ஏழு மணிக்குத்தான் திரும்புவேன். ஒருவர் முகத்தை ஒருவர் அதிகம் பார்க்காததாலேயே சண்டை சச்சரவில்லாமல் காலம் ஓடியது. ஊரடங்கு வந்து இரண்டு பேரையும் உள்ளே அடைத்தது. ஆபீஸோ லேப்டாப்பில் ஏறிக் கூடத்துக்கே வந்துவிட்டது. இருட்டும்வரை யாராவது அதிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். தெருவில் கீரைக்காரி குரல் இல்லை, ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு மனுஷிக்கு இவ்வளவு அலுப்பு வருமா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே சுகம் பதினொரு மணி ரசம். சுவாமிக்குக் காட்டிவிட்டு, தெளிவை மட்டும் ஒரு டம்ளரில் ஊற்றி, லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டு மன்னி பேசாமல் போவாள். கேமராவை அணைத்துவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். மிளகும் பெருங்காயமும் மூக்கில் ஏறும். பத்து நிமிஷம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அவ்வளவுதான், அதுவே பெரிசாக இருந்தது.

மன்னி சமைத்ததை ருசி பார்க்கவே மாட்டாள். சுவாமிக்குக் காட்டுமுன் நாக்கில் படக்கூடாது. எல்லாம் மூக்குதான். கொதிக்கிற சொம்பின் மேல் குனிந்து ஒரு மூச்சு இழுத்தால் உப்பா, புளியா, எது குறைச்சல் என்று சொல்லிவிடுவாள். அந்த மூக்குக்கு வைர மூக்குத்தியெல்லாம் போதாது என்று அண்ணா கேலி செய்வார்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் உள்ளிருந்து, "புளி பச்சை வாசனை போச்சா, செத்த வந்து பாரேன்" என்றாள். நான் நாற்காலியை விட்டு எழாமலே "போச்சு மன்னி" என்றேன். அவள் ரசத்துக்கு அபிப்பிராயம் சொல்ல நான் யார்? பேச்சுத்துணைக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். மூன்று நாளும் அதே பதில். டம்ளரில் வந்ததோ வெறும் புளித்தண்ணீர். உப்பு வேறு கரித்தது. இருந்த ஒரு சுகமும் போச்சே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. மன்னிக்கு வயசாகிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் கருகல் நாற்றம் கூடம்வரை வந்தது. ஓடினேன். ரசம் வற்றி, சொம்பு உருகி, ஈயம் அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. இரண்டடி தள்ளி, மன்னி சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, இந்த நாற்றம்கூடவா தெரியவில்லை என்று கத்தினேன்.

"நாலு நாளா ஒண்ணுமே தெரியலைடி" என்றாள். "சொன்னா கார்ப்பரேஷன்காரா என்னைக் கூட்டிண்டு போயிடுவா. வாசல்ல தகரம் அடிப்பா. நீ தனியா என்ன பண்ணுவே?"

நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. ஒரு வாக்கியம் பேசுவதற்குள் மூச்சு இரைத்தது. அன்று சாயங்காலம் ஆம்புலன்ஸ் எங்கள் வாசலுக்கே வந்தது. கொஞ்சம் முன்னாலேயே அழைத்து வந்திருக்கலாம், இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் போனில் சொன்னார். மூன்று "போச்சு மன்னி"யையும் வைத்துக்கொண்டு நான் அந்த வீட்டில் தனியாகக் கிடந்தேன். ஒரே ஒரு தரம் எழுந்து போயிருந்தால் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்திருப்பேன். எனக்குப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அதுவும் வெட்கமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, பாதி உடம்பாக வந்து இறங்கினாள். வாசலிலேயே நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

மூச்சு திரும்பியது, வாசனை திரும்பவில்லை. மெதுவாக வரும் என்றார்கள். வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது எவர்சில்வர் பாத்திரத்தில்தான் ரசம், அதுவும் வாரத்தில் நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற மூன்று நாளில் மட்டும். மற்ற நாட்களில் மோரோடு முடித்துக்கொள்கிறாள்.

போன வாரம் ஒரு மீட்டிங். நானும் சோர்ந்துபோயிருந்தேன். உள்ளிருந்து அதே கேள்வி வந்தது. தலையைத் தூக்காமல், பழக்கதோஷம், "போச்சு மன்னி" என்றுவிட்டேன். அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. மன்னி கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள்.

"அங்கேர்ந்து சொல்லாதே. வந்து சொல்லு."

எழுந்து போனேன். மேல்தட்டில் கோணல் சொம்பு இருந்தது. பாத்திரத்தின் மேல் குனிந்து மூச்சை இழுத்தேன். போகவில்லை. பச்சை வாசனை அப்படியே இருந்தது.

"இன்னும் ரெண்டு கொதி வரணும் மன்னி" என்றேன். அவள் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். கூடத்தில் லேப்டாப் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கொதி வரும்வரை நான் அங்கேயே நின்றேன்.