மூன்று பேருக்கு ஒரு வாங்கு

வதனி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே ஒருவருக்கு உணவு ஊட்டுவதென்றாலும் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துதான் ஊட்ட வேண்டும். ரோவில் என்ற புறநகரில் இருக்கும் அவளுடைய சொந்த வீட்டிலோ, பதினெட்டு வருடமாக அவள் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள்.

குசினி மூலையில் சின்ன மேசையும், உட்காரச் சுவரோடு சேர்ந்த நீள இருக்கையாக ஒரு வாங்கும் போட வேண்டுமென்பது அவளுடைய ஆசை. மெத்தைத் துணிகூட அவள் தெரிவுதான். அளவெடுக்க வந்த தச்சர், எத்தனை பேருக்கு என்று கேட்டார். கணவர் யோகராசா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"மூண்டு பேருக்கு."

வதனி திரும்பிப் பார்த்தாள்.

"நானும் பிள்ளையள் ரெண்டும். நீர் பரிமாறுற ஆள்தானே?"

இதைச் சொல்ல அந்த மனிதருக்கு எப்படித்தான் வாய் வந்ததோ!

வாங்கு வந்த அன்று, சோறு கறியை மேசையில் வைத்த கையோடு வதனி முதல் ஆளாகப் போய் உள்மூலையில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் அவளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். யோகராசாவுக்கு வாங்கின் வெளிக் கரையில் பாதி இடம்தான் கிடைத்தது. சொதி அடுப்பிலேயே இருந்தது.

"வதனி, சொதி?"

"நான் எழும்பினா எல்லாரும் எழும்பவேணும். கரையில இருக்கிற ஆள்தானே பரிமாறுற ஆள்?"