பதினோரு நாளும் ஒரே வரி

மூன்று மணிக்கு வேன் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மணி இரண்டே முக்கால் தாண்டிவிட்டது. கேப்டனை ஏற்றிக்கொண்டு போய்ப் பூட்டுப் போட்ட பெரிய விடுதியில் சேர்க்கப்போகிற வேன் அது.

மேஸ்திரி சமையலறை வாசலில் நின்றார். முப்பது வருடம் கட்டட வேலை பார்த்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, சித்தாளாகச் சேர்ந்து, சொந்த முயற்சியில் நாற்பது பேரை மேய்க்கிற அளவுக்கு வளர்ந்தவர். அவர் எழுப்பிய சுவர் ஒன்றில்கூட இன்றுவரை விரிசல் கிடையாது. சாட்சி வேண்டுமென்றால் அவரையே கேட்கலாம், மணிக்கணக்கில் சொல்வார். முழங்கால் போன பிறகு இந்த வீட்டுக்கு உதவியாளராக வந்து ஆறு வருடம் ஆகிறது.

வீட்டில் நான்கு ஆண்கள் இருந்தார்கள். மூளை வளர்ச்சி சற்றுப் பிந்தியவர்கள், ஆனால் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. என்ன சட்டை, எப்போது குளியல் என்பதெல்லாம் அவரவர் முடிவு. உதவியாளர் பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான். நால்வரில் கேப்டனுக்கு வயது நாற்பத்திரண்டு. பேச்சு வராது. தொப்பி இல்லாமல் வாசல் தாண்டமாட்டார், அதனால் வந்த பெயர்.

பதினோரு நாளாக அந்த மனிதர் தட்டை வீசினார், தலையில் அடித்துக்கொண்டார், தடுக்க வந்தவர்களைக் கடித்தார்.

கூடத்தில் மேற்பார்வையாளரம்மா தினக்குறிப்பு நோட்டை விரித்து வைத்திருந்தார். எதிரே கேப்டனின் அக்கா, கையெழுத்துப் போடவேண்டிய தாளை மடியில் வைத்துக்கொண்டு.

"நீங்களே பாருங்கம்மா. 'காரணமில்லாமல் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார்.' மறுநாளும் அதே. பதினோரு நாளும் அதே. மத்த மூணு பேரையும் நாங்க பாக்கணுமில்ல?"

"எனக்கு ஒண்ணும் புரியல. என் தம்பி ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் நெனைக்காதவன்," என்றார் அக்கா. பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

இன்று காலையில்தான் மேஸ்திரி ஒன்றைக் கவனித்திருந்தார். ஃபிரிட்ஜ் தண்ணீர் கொடுத்ததும் கேப்டன் துள்ளி விழுந்து இடது கன்னத்தில் அறைந்துகொண்டார். வெதுவெதுப்பாகக் கொடுத்தபோது தலையை வலப்பக்கம் சாய்த்து, ஒரு பக்கமாகவே குடித்து முடித்தார்.

"மேடம், கையெழுத்து வேணாம்," என்று உள்ளே நுழைந்தார். "அவருக்குப் பல்லு வலி. இடது பக்கம்."

மேற்பார்வையாளரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஓஹோ, மேஸ்திரி இப்ப டாக்டராயிட்டாரா? அப்படின்னா இது யார் எழுத்து? இந்தப் பக்கம், இந்தப் பக்கம்... நாலு நாள் நீங்கதான் எழுதியிருக்கீங்க. காரணமில்லாமன்னு நீங்களே எழுதிட்டு இப்ப பல்லுன்னா?"

உள்ளறையில் கேப்டன் கட்டிலில் தலையை முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். நாற்பது ஆட்களையும் நாலு முதலாளிகளையும் சமாளித்த வாய்தான். ஆனால் வாசலில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டுவிட்டது.

"அது நான் எழுதினதில்ல மேடம். பாத்துக் காப்பியடிச்சது."

"என்னது?"

"எனக்குச் சொந்தமா எழுத வராது. மேல இருக்கிற வரியப் பாத்து அப்படியே கீழ எழுதிடுவேன். ஆறு வருஷமா இப்படித்தான். கேட்டா கேவலம்னு வாயத் திறக்கல." நோட்டைக் காட்டினார். "மத்தவங்களும் மேல பாத்துதான் எழுதுறாங்க. முதல் நாள் யாரோ அவசரத்துல எழுதினது, அதுக்கப்புறம் யாரும் அவர் முகத்தப் பாக்கல, நோட்டத்தான் பாத்தோம்."

அக்கா எழுந்துவிட்டார். "பேசத் தெரியாத புள்ள ஐயா அவன்! அவனுக்குப் பதிலா நீங்க சொல்லணும்னுதானே இங்க விட்டிருக்கேன்? அவனுக்கு வலிக்குதுன்னுகூடவா கண்ணுக்குத் தெரியல?"

மேஸ்திரி உள்ளறைக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"உங்களப் பத்தி நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும்," என்றார் மேற்பார்வையாளரம்மா.

"எழுதுங்க. முதல்ல அவரப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். பல்லுல ஒண்ணுமில்லன்னா நானே வேன்ல ஏத்தி விடுறேன்."

அக்கா தாளை மேஜைமேல் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. "இதே வேன்ல போலாம், வாங்க."

பல் மருத்துவரின் நாற்காலியில் கேப்டன் வாயை இறுக்கிக்கொண்டார். விளக்கைக் கண்டு கையை ஓங்கினார். மேஸ்திரி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, விளக்கைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, தன் வாயை ஆவென்று பிளந்தார். மருத்துவர் சின்னக் கண்ணாடி பொருத்திய கம்பியால் அவர் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கேப்டன் உற்றுப் பார்த்தார். பத்து நிமிடம் போனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மெல்ல, பாதி வாய் திறந்தது.

"அடக்கடவுளே," என்றார் மருத்துவர். "கடைவாய்ப் பல்லுக்கு அடியில சீழ் கோத்திருக்கு. மனுஷன் எப்படிப் பொறுத்தாரு? எத்தன நாளா இது?"

அக்கா மேஸ்திரியைப் பார்த்தார்.

"பதினோரு நாள் டாக்டர்," என்றார் மேஸ்திரி. "அதுல நாலு நாள் நான் பக்கத்துலயே இருந்தேன்."