வேலியடியில் இரண்டு ரேடியோ

போன கிழமை சாம்பல்தீவில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். மீன் குழம்புக்காகத்தான், வேறென்ன! நான் சாப்பிட உட்கார, குசினியில் இருந்த, கடலில் நிற்கும் படகோடு பேசுகிற ரேடியோ செற் கரகரத்தது.

"சுஜா... என்ஜின் நிண்டுட்டுது. தண்ணி உள்ளுக்கு வருது. அள்ளி முடியேல்ல..."

கடலிலிருந்து தம்பி தன் மனைவி சுஜாவைக் கூப்பிடுகிறான். வெளியே காற்று வேறு எழும்பியிருந்தது. நான் சாப்பாட்டை அப்படியே விட்டு எழும்பினேன்.

அவனுக்குக் கிட்ட நின்ற ஒரே படகு பக்கத்து வீட்டு ரவியுடையது. ஆனால் ரவியை எப்படிக் கூப்பிடுவது? அங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. ரவியின் செற் வேறு கம்பனி.

அது தற்செயலும் இல்லை. மீன் படுகிற இடம் மற்றவனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, வேண்டுமென்றே வேறு வேறு கம்பனி செற் வாங்கியவர்கள் இவர்கள்! கம்பனிகளுக்கும் அதே புத்திதான். ஆளுக்கொரு தொழில்நுட்பம், அதற்கொரு காப்புரிமை — ஒன்று பேசுவது மற்றதற்கு விளங்காது. வியாபாரத்துக்குச் சரி. உயிருக்கு?

"ஐயோ அக்கா, நான் என்ன செய்வன்?" என்று அழுத சுஜா, சட்டென்று செற்றைத் தூக்கிக்கொண்டு வேலியடிக்கு ஓடினாள். "கலா! உன்ர செற்றைக் கொண்டு ஓடிவா!"

ரவியின் மனைவி கலா ஓடிவந்தாள். தம்பி சொன்னதைச் சுஜா சொல்லச் சொல்ல, கலா தன் செற்றில் கத்தினாள். "இஞ்சேருங்கோ, சுஜா வீட்டுப் போட் தாழுது! கெதியாப் போங்கோ!"

"ஓம், போறன்," என்றது செற்றில் ரவியின் குரல்.

அதற்குள் தம்பியின் செற் அடங்கிவிட்டது. சுஜா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதில் இல்லை. தண்ணீர் செற்றுக்குள் போனதா... இல்லை, அவனே போய்விட்டானா?

கடைசியில் கலாவின் செற்தான் பேசியது. "ஆளை ஏத்தியாச்சு. அழ வேண்டாமெண்டு சொல்லு."

அதன் பிறகுதான் நான் அழுதேன்.

மறுநாள் தம்பியைத் துறைமுகத்தடி ரேடியோக் கடைக்கு இழுத்துப் போனேன். கடைக்காரர் சிரித்தார். "ரெண்டு செற்றிலயும் பொதுச் சனல் ஒண்டு இருக்கே, எந்தக் கம்பனி செற்றுக்கும் கேக்கும்! தங்களுக்குள்ள அடிபடுற கம்பனியள் கூட ஒண்டாயிருந்து கதைச்சு முடிவெடுத்து வைச்சது. நீங்கள் போட்டே பாக்கேல்லையோ?"

தம்பி தலையைச் சொறிந்தான். "அதில ரவி மீன் எங்க படுதெண்டு கேட்டால், அக்கா?"

"பொய் சொல்லடா. ஆனா அவனுக்குக் கேக்கிற சனலில சொல்லு!"