சன்னதியான் தந்த சிமிழ்

என் மகள் எட்டு வயதில் களவெடுக்கத் தொடங்கினாள். முதலில் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையின் அழிறப்பர். பிறகு ஒரு ரிபன், ஒரு சீப்பு, யாரோ ஒருத்தியின் கொம்பாஸ் பெட்டி. சாப்பாட்டுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளையுமில்லை. தகப்பன், அதாவது நான், தபாற்கந்தோரில் உத்தியோகம். ஊரில் யாராவது பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கதைத்தால் நடுவில் புகுந்து புத்தி சொல்கிறவன் வேறு.

மனைவி பூவரசில் தடி முறித்துக்கொண்டு வந்தாள். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். குழந்தைகளின் மனம் பற்றி அப்போதுதான் ஒரு கட்டுரை வாசித்திருந்தேன். கடலை சுற்றிய காகிதச் சரையைப் பிரித்து வாசித்தது. முதற்பாதி மட்டும்தான் இருந்தது. மறுபாதி யார் வாங்கிய கடலையோடு போனதோ தெரியாது. களவெடுக்கிற பிள்ளையை அவமானப்படுத்தக் கூடாது என்று முதற்பாதி சொன்னது. அதற்கு மேல் என்ன செய்ய வேண்டுமென்பதை நானே இட்டுக்கட்டிக்கொண்டேன்.

"சரி, உங்கடை வைத்தியத்தைச் செய்து பாருங்கோ. கள்ளியெண்டு ஊர் பேர் வைச்ச பிறகு என்னட்டை வந்து நிக்காதேங்கோ" என்று மனைவி தடியை அடுப்பில் வைத்தாள்.

எனக்கும் அந்தப் பயம்தான். பெண்பிள்ளைக்கு எங்கள் ஊரில் ஒருமுறை அப்படியொரு பெயர் ஒட்டினால், கலியாணப் பேச்சு வரைக்கும் அது கூடவே வரும். ஆகவே அவள் எடுப்பதை நான் தேடிப் பிடிப்பேன். யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிடுவேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம் அது. கப்பல் வந்தால்தான் கடிதம். கந்தோரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நான் ஒழுங்காகச் செய்த விநியோகம் இது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் கைக்கு எட்டியதெல்லாம் அலுத்த பிறகு, மகள் பக்கத்து வீட்டு வளவுக்கு மாறினாள். அங்கே நான் அக்கா என்று கூப்பிடும் ஒருவர் தனியே இருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். இரண்டு வளவுக்கும் இடையில் கிடுகு வேலி, வேலியில் குனிந்து போய்வர ஒரு பொட்டு. மகள் அதற்குள்ளால் போய் எடுப்பாள். நான் அதற்குள்ளால் போய் வைப்பேன். அவள் சுலபமாக நுழைந்தாள். கிடுகில் மாட்டி எனக்கு இரண்டு சேட்டும் கொஞ்சம் மானமும் கிழிந்தன.

ஒருமுறை அக்காவின் வாசனைச் சவர்க்காரத்தை எடுத்து, நான் கண்டுபிடிப்பதற்குள் தேய்த்துக் குளித்துப் பாதியைக் கரைத்துவிட்டாள். சவர்க்காரத்துக்கு ஊரே அலைந்த நேரம். யாழ்ப்பாணம் ரவுண் கடையெல்லாம் சுற்றி ஒன்று வாங்கி வந்து வைத்தேன். அடுத்த நாள் கிணற்றடியில் அக்கா மனைவியிடம், "பிள்ளை, என்ரை சவுக்காரம் ரோசா நிறம். இப்ப பச்சையாய் நிக்குது" என்றார். மனைவி வாளிக்குள் முகத்தை விட்டுச் சிரித்தாளாம்.

பிறகுதான் வெள்ளிச் சிமிழ் காணாமற்போனது. அக்காவின் தாய் பாவித்த குங்குமச் சிமிழ். அக்கா சாப்பிடாமல் கிடந்து அழுதார். "சன்னதியானே, அது கிடைச்சால் வந்து பொங்கிப் படைப்பன்" என்று தொண்டைமானாற்றுச் சன்னதி முருகனுக்கு அவர் வாய்விட்டு நேர்ந்துகொண்டது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. நான் வீடு முழுக்கக் கிளறி, மகளின் தலையணை உறைக்குள் அதைக் கண்டெடுத்தேன். பேசாமல் பழைய இடத்தில் வைத்திருக்கலாம். பெரிய கெட்டிக்காரனல்லவா, கொண்டுபோய் அக்காவின் சாமியறையில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

சற்று நேரத்தில் அக்கா பொட்டுக்குள்ளால் ஓடி வந்தார்.

"தம்பி, சன்னதியான் கொண்டந்து வைச்சிட்டான்!"

"எல்லாம் அவன் செயல் அக்கா" என்று நான் கைகூப்பினேன்.

"அப்ப வாற வெள்ளி என்னைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போவீரே? பிள்ளையும் வரட்டும்."

எப்படி மறுப்பது? முன் பாரில் மகள், பின் கரியரில் அக்கா, ஹாண்டிலில் பானை, அரிசி, பனங்கட்டி. அக்கா மெலிந்தவரல்லர். காற்றும் எதிர்க்காற்று. நான் செய்த அற்புதத்துக்கு முருகனுக்கு நன்றி சொல்ல, நானே மூச்சு வாங்க மிதித்தேன். வழிநெடுக அக்கா அவன் அருளைச் சொல்லி உருகிக்கொண்டு வந்தார். தொண்டைமானாற்றில் கோயிலடியில் இறங்கியபோது என் கால் என் சொல் கேட்கவில்லை.

அக்கா பொங்கினார். படைத்தார். கண்ணீர் ஓட விழுந்து கும்பிட்டார். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். பிறகு வாழையிலையில் முதற் பொங்கலை மகளுக்கு வைத்து, "எடுத்தது ஆரோ தெரியாது. அதுவும் நல்லாயிருக்க வேணுமெண்டுதான் கும்பிட்டனான்" என்றார்.

மகள் பொங்கலைத் தொடவில்லை. என்னைப் பார்த்தாள். வேண்டாமென்று நான் கண்ணைக் காட்டினேன்.

"முருகன் தரேல்லை மாமி. நான்தான் எடுத்தனான். அப்பா கொண்டந்து வைச்சவர்."

அக்கா அவளை ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அவள் குழந்தை. நான் அழுதழுது கும்பிட, நீரும் பக்கத்திலை நிண்டு கும்பிட்டனீர், என்ன?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

திரும்பும்போது அக்கா கரியரில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். வெறும் பானையும் சைக்கிளுமாக நான் பின்னால் உருட்டிக்கொண்டு போனேன்.

"ஏன் பிள்ளை எடுத்தனி? உனக்குப் பயமில்லையே?"

"முதல் பயமாயிருந்தது மாமி. பிறகு, அப்பா கொண்டுபோய் வைச்சிடுவார் எண்டு தெரியும்."

அதைக் கேட்க எனக்கு வெட்கமாயிருந்தது. அவள் ஒன்றையும் கவனிக்கவில்லை என்றுதான் அவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஊர் அவளுக்குப் பெயர் வைத்துவிடும் என்று பயந்து பயந்து, அவளுடைய பயத்தை நானே எடுத்துவிட்டிருக்கிறேன்.

அடுத்த கிழமை அக்கா புதுக் கிடுகு வைத்துப் பொட்டை அடைத்தார். மகள் மட்டும் தெரு ஒழுங்கையால் சுற்றி, வாசற் படலைக்குள்ளால் அங்கே போய்வந்தாள். என்னோடு அக்கா கதைக்கவேயில்லை.

களவு உடனே நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். சில மாதங்கள் கழித்து ஒருநாள் பின்னேரம், நான் சைக்கிள் துடைத்துக்கொண்டிருக்க, மகள் வந்து கையை விரித்தாள். அக்காவின் கண்ணாடி வளையல் ஒன்று. பழக்க தோஷம், நான் கையை நீட்டினேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நானே குடுக்கிறன்."

முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"அப்பாவும் வரட்டோ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"வேண்டாம் அப்பா. நீங்கள் வந்தால் மாமி உங்களைத்தான் ஏசுவா" என்று சொல்லிவிட்டு, தனியே படலையைத் திறந்துகொண்டு போனாள்.