பொங்கலன்று போட்ட சிவப்பு ஜக்கெற்

பிள்ளைகள், இது நாங்கள் கனடாவில் மல்வேர்ன் பக்கம் இருந்த காலத்துக் கதை. அப்போது நான் ரொறன்ரோவில் ஒரு விலங்குப் பூங்காவில் கூண்டு கழுவி, பறவைகளுக்கு இறைச்சி வெட்டி வைக்கிற வேலை செய்தேன்.

அங்கே ஒரு சோடிக் கழுகு இருந்தது. ஆபிரிக்கப் புல்வெளியில் வாழ்கிற, வால் கட்டையான இனம். அந்தப் பக்கம் நஞ்சு வைத்த இறைச்சியைத் தின்று அது குறைந்துகொண்டே வந்தது. இந்தச் சோடியாவது குஞ்சு பொரிக்காதா என்று வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான், சூடாக்கிய கூண்டுக்குள் பெட்டை முதன்முதலாக முட்டை இட்டது. ஒரேயொரு முட்டை. அந்த இனம் ஒரு தடவைக்கு ஒன்றுதான் இடும்.

யார் போனாலும் பெட்டை எழும்பிவிடும். என்னைக் கண்டால் மட்டும் அசையாது. நான் எந்த நாளும் அதே பழைய நீல ஜக்கெற்றோடு போவேன்.

தைப்பொங்கல் வந்தது. பொங்கலுக்குப் புது உடுப்புப் போடாமல் விடலாமா? உங்கள் அம்மா வாங்கித் தந்த சிவப்பு ஜக்கெற்றோடு வேலைக்குப் போனேன். இறைச்சித் தட்டுடன் கதவைத் திறந்ததுதான் தாமதம், பெட்டை பறந்து மேல் கொப்பில் போய் இருந்துவிட்டது. முட்டை தனியே கிடந்தது. ஜக்கெற்றைக் கழற்றிவிட்டுப் போனேன். என் வெள்ளைச் சட்டையையும் அது நம்பவில்லை.

பொறுப்பாளராக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி கையைப் பிசைந்தார். முட்டையை எடுத்துக் குஞ்சு பொரிக்கிற மெசினில் வைத்தால், சோடி அந்தக் கூட்டையே விட்டுவிடும் என்று அவருக்குப் பயம். வைக்காவிட்டால் முட்டை குளிர்ந்துவிடும். “இருபது நிமிடம் பார்ப்போம்,” என்றார். “இன்றைக்கு நீ எதை மாற்றினாய்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அது நம்பினது என் நீல ஜக்கெற்றைத்தான். ஓடிப்போய் வீட்டுக்கு, அம்மாவுக்கு ரெலிபோன் அடித்தேன்.

“இஞ்சரும், என்ரை நீல ஜக்கெற் எங்கை?”

“பொங்கலும் அதுவுமா உந்தக் கந்தல் ஏன்? குப்பைப் பையிலை கட்டி வைச்சிட்டன்.”

“எறிஞ்சிட்டீரோ?”

“இல்லை, வாசலிலை கிடக்குது.”

“உடனை ராக்ஸி பிடிச்சுக் கொண்டு வாரும். முட்டை ஆறுது.”

“முட்டையோ? இண்டைக்குச் சைவமப்பா.”

ஆனாலும் அம்மா உங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு நேரத்துக்கு வந்துவிட்டார். நான் நீல ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். எப்போதும்போல இறைச்சியை வைத்தேன். எப்போதும்போலத் தண்ணீரை மாற்றினேன். நெஞ்சு மட்டும் எப்போதும்போல இல்லை. பின்னால் செட்டை அடிக்கிற சத்தம் கேட்டது. மெல்லத் திரும்பினால், பெட்டை உடம்பை அசைத்து அசைத்து முட்டைக்கு மேல் இருந்துகொண்டிருந்தது.

மாசி முடிகிற நேரம் குஞ்சு பொரித்தது. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். பிள்ளை பிறந்தால் துடக்கென்று முப்பத்தொரு நாள் நாங்கள் கோயிலுக்குப் போவதில்லை, தெரியும்தானே. அம்மா சிரிக்காமல் சொன்னார்:

“அப்ப உங்களுக்குத் துடக்கு. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நானும் பிள்ளையளும் போறம், நீங்கள் வீட்டிலை இருங்கோ.”