சொர்ணக்கிளியைப் பிடுங்கிக்கொண்டு போன மேனேஜர்

நண்டு கம்பெனி வேலைக்கு இப்போது போகிற பெண்கள் யாராவது இதைப் படித்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மேனேஜர் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. ரிட்டயர் ஆனால் எல்லாம் ஆறிவிடும் என்றார்கள். ஆறவில்லை. ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தை நாங்கள் கேட்பதற்குள் பிடுங்கிக்கொண்டு போன மனுஷன் அவர்.

1. வெட்டுப்பட்டவள் வாசிக்க வேண்டும்

உப்பூருக்குப் பக்கத்தில் கடலோரமாக எங்கள் கம்பெனி. அவித்த நண்டை உடைத்து, சதையைச் சிதையாமல் எடுத்து, பெரிய துண்டு தனி, கால் சதை தனி என்று தட்டில் பிரிக்க வேண்டும். நான் லைன் சூப்பர்வைசர். வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் உள்கிராமத்துப் பெண்கள். மழை பெய்தால் வயலுக்குப் போவோம், பெய்யாவிட்டால் நண்டுக்கு வருவோம்.

நண்டு ஓடு கையைக் கிழித்துவிடும். காயம் பட்ட கை சதையைத் தொடக் கூடாது என்பது விதி. நியாயமான விதிதான், நானே கறாராகப் பார்ப்பேன். ஆனால் கூலி, எடுக்கிற சதையின் எடைக்குத்தான். கை வெட்டுப்பட்டவளுக்கு அன்றைக்கு ஒன்றும் கிடையாது. ஊருக்குத் திரும்பலாம் என்றால் கம்பெனி வேன் சாயங்காலம்தான் கிளம்பும்.

அதற்கு நாங்களே ஒரு வழி செய்துகொண்டோம். வெட்டுப்பட்டவள் ஹாலுக்கு வெளியே, எடை போடும் ஜன்னல் ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கதை வாசிப்பாள். உள்ளே இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி சதையை அவள் தட்டில் போடுவார்கள். பழைய மேனேஜர் கண்டும் காணாமல் இருந்தார்.

ராமநாதபுரம் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கி வந்த நாவல்தான் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காலத்துச் சேது நாட்டில் நடக்கிற காதல் கதை. கதாநாயகி சொர்ணக்கிளி சொந்தமாகத் தோணி வைத்துச் சங்கு வியாபாரம் பண்ணுகிறவள். அவளைக் கட்டிக்கொள்ள அரண்மனைத் தளபதி ஒருவன் பட்டும் வாளுமாக வந்து நிற்பான். “கல்யாணம் இருக்கட்டும், முதலில் என் தோணியில் ஒரு நடை வாரும்” என்பாள். பாய் விரிக்கும் முன்பே தளபதி வாந்தி எடுக்க ஆரம்பித்துவிடுவான். அந்த இடம் வந்தபோது சிரித்த சிரிப்பில் எங்களுக்கு வயிறு வலித்தது.

வாசிப்பதில் முத்துமாரியை அடிக்க ஆள் கிடையாது. தளபதிக்கு ஒரு குரல், அவன் குதிரைக்கு ஒரு குரல். “ஏத்தா, அவளுக்குக் கை ஆறிறக் கூடாதுத்தா” என்று மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள்.

2. புது மேனேஜர்

அப்போதுதான் வெளியூரிலிருந்து இவர் வந்தார். வந்த வாரமே ஜன்னலடியில் வந்து நின்றுகொண்டார்.

“என்னம்மா நடக்குது இங்க? இது கம்பெனியா, நாடகக் கொட்டாயா?”

“கை வெட்டுப்பட்டவ சார். சும்மாதானே இருக்கா, வாசிக்கிறா.”

“இவங்க சிரிச்சா எச்சில் தெறிக்கும். ப்ராடக்ட் கெட்டுப்போகும்.”

“எல்லாரும் மாஸ்க் போட்டிருக்காக சார். எடுக்கிற சதையும் குறையல, தட்டைப் பாருங்க.”

அவர் தட்டைப் பார்க்கவில்லை. முத்துமாரி கையிலிருந்த புத்தகத்தைத்தான் பார்த்தார். அட்டையில் சொர்ணக்கிளி துடுப்பும் கையுமாக நின்றாள்.

“இந்த மாதிரி கதையைக் கேட்டுத்தான் பாத்ரூம் போக டைம் வேணும், ஃபேன் வேணும்னு எல்லாரும் சட்டம் பேசுறீங்க” என்று புத்தகத்தைப் பிடுங்கினார். பாத்ரூம் போக எங்களுக்குச் சொர்ணக்கிளி சொல்லித்தர வேண்டுமாம்! கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதோடு விடவில்லை. ஆளுக்கு ஒரு பிடி போடுகிற வழக்கத்தையும் நிறுத்தினார். வெட்டுப்பட்டவள் கேட்டுக்கு வெளியே போய்விட வேண்டும் என்றார். முத்துமாரி அன்றைக்குச் சாயங்காலம் வரை கருவேல மரத்தடியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். “கூலி போனாப் போகுதுக்கா. என்னைய நாயை வெரட்டுற மாதிரில வெரட்டிட்டாரு” என்று வேனில் அழுதாள். அதன் பிறகு பெண்கள் காயத்தை மறைக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி கையுறைக்குள் ரத்தத்தோடு வேலை பார்த்ததை நானே பிடித்தேன். ப்ராடக்டைக் காப்பாற்றிய லட்சணம் இது.

3. கேபினுக்குள் சிரிப்பு

அதைச் சொல்லத்தான் அவர் கேபினுக்குப் போனேன். கதவுக்கு வெளியே நிற்கும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம். போனில் பேசுகிறார் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். மேஜை மேல் காலை நீட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். கையில் எங்கள் சொர்ணக்கிளி.

என்னைப் பார்த்ததும் காலை இறக்கினார். “சும்மா, என்னதான் இருக்குன்னு பார்த்தேன்மா.”

“எந்த இடம் சார்?”

“தளபதி வாந்தி எடுக்கிறான்…”

“அதுக்கு நாங்க போன மாசமே சிரிச்சாச்சு. அதுவும் மாஸ்க் போட்டுக்கிட்டு.”

அவர் முகம் சுருங்கியது. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஏசி ரூமில் இவர் சிரித்தால் ரசனை, நண்டு நாற்றத்தில் நாங்கள் சிரித்தால் திமிரா? கேட்டே விட்டேன். வெட்டுப்பட்டவள் ரத்தத்தை மறைத்துக்கொண்டு வேலை பார்ப்பதையும் சொன்னேன்.

“ஸ்டூல் பழைய இடத்துல இருக்கணும், ஆளுக்கு ஒரு பிடி போடணும், புஸ்தகம் வரணும். இல்லாட்டி நாளைக்கு ஒருத்தியும் வேன்ல ஏற மாட்டோம் சார்.”

அவர் பக்கத்தின் மூலையை மடித்துப் புத்தகத்தை நீட்டினார். விட்ட இடத்துக்கு அடையாளம் வைத்து மடித்ததைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது.

ஸ்டூலும் ஆளுக்கு ஒரு பிடி போடுகிற வழக்கமும் திரும்ப வந்தன. அடுத்த வாரம் என்னை நண்டு அவிக்கிற செக்‌ஷனுக்கு மாற்றினார். பாய்லர் இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே காதில் விழாது, கதை எங்கே விழும்? ரிட்டயர் ஆகும் வரை அங்கேதான் வெந்தேன்.

ஆனால் கடைசி அத்தியாயத்தைப் பெண்கள் ஹாலில் வாசிக்கவே இல்லை. என்னை மாற்றிய மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியோடு எல்லாரும் பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

“அக்கா இல்லாம எப்புடி முடிக்கிறது? இங்கன வந்து உக்காருங்க” என்றாள் முத்துமாரி. அன்றைக்கு அவள் கையில் காயமே இல்லை.

தளபதி வாளைக் கழற்றி வைத்துவிட்டுச் சொர்ணக்கிளி தோணியில் சங்கு அள்ளிப் போடுகிற வேலைக்குச் சேருகிறான். ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்லுகிறாள். அதுவே சீக்கிரம் என்று பாதிப் பேர் சண்டை போட்டார்கள். சோறு ஆறிப்போகிற அளவுக்குச் சிரித்தோம்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். சிரிப்பை நிறுத்தச் சொல்கிறவர் அடுத்து உங்கள் தட்டில்தான் கை வைப்பார். வேலைக்குப் போகிற பெண்களே, உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு ஸ்டூல் இருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். இல்லை என்றால் நாளைக்கே ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலடியில் போடுங்கள்.